காய்ச்சலையும் தீர விசாரிப்போம்

2023 டிசம்பர் 17, 18 ஆகிய இரண்டு நாட்களை ஆழ்வார்திருநகரி வட்டாரத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சுமார் 800 பயணிகளுடன் புறப்பட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் வெள்ளத்துக்கு நடுவே சிக்கி நின்றது. தாமிரபரணி கரை மீறிப் பாய்ந்ததில் ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஏரல், ஆத்தூர் என்று ஆற்றோர ஊர்கள் துண்டிக்கப்பட்டன. பள்ளிவாசல்களும் கோயில் மண்டபங்களும் திருமண மண்டபங்களும் மக்களுக்கு அடைக்கலம் தந்தன.

வெள்ளம் வடிந்தால் அடுத்து வருவது காய்ச்சல். இதுவும் நமக்குப் புதிதல்ல. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் வீட்டுக்கு ஒருவராவது சுருண்டு படுக்கிறார். மெடிக்கல் கடையில் இரண்டு வேளை மாத்திரை வாங்குகிறோம். சரியாகவில்லை என்றால் ஊசி போடுகிறோம். யாராவது விசாரித்தால், "வைரஸ் காய்ச்சல்தான், மூன்று நாளில் போய்விடும்" என்கிறோம். எந்த வைரஸ் என்று நாமும் கேட்பதில்லை, பெரும்பாலும் நமக்கு யாரும் சொல்வதுமில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவதால் என்ன இழப்பு? டெங்கு, சிக்குன்குனியா, இன்ஃப்ளூயன்சா எல்லாமே முதல் இரண்டு நாட்களில் ஒன்றுபோலத்தான் இருக்கும். வெள்ளத்துக்குப் பிறகு வரும் எலிக்காய்ச்சலும், புதர்களிலுள்ள சிறு பூச்சி கடித்து வரும் உண்ணிக்காய்ச்சலும் கூட அப்படியே தொடங்கும். ஆனால் இவை இரண்டும் வைரஸ் அல்ல, பாக்டீரியா. டாக்சிசைக்ளின் போன்ற விலை குறைந்த ஆன்டிபயாட்டிக் மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் குணமாகக்கூடியவை. "வைரஸ் காய்ச்சல்தான்" என்று ஒரு வாரம் வீட்டில் வைத்திருந்தால் சிறுநீரகம், கல்லீரல், நுரையீரல் வரை பாதிப்பு போய்விடும். மறுபுறம், டெங்குவுக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் பயன் தராது. ஆக, காய்ச்சலுக்குப் பெயர் தெரியாமல் கொடுக்கும் மருந்து இருட்டில் எறியும் கல்தான்.

ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரித்துக்கொள்ள வேண்டும், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பின்னர் வருந்தக் கூடாது என்று அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. இதை நாம் வதந்திகளுக்கும் வாட்ஸ்அப் செய்திகளுக்கும் பொருத்திப் பேசுகிறோம். நோய்க்கும் இது பொருந்தும். நோய் விஷயத்தில் தீர விசாரிக்கும் இடம் ஆய்வுக்கூடம். அங்கே விசாரிப்பது எப்படி நடக்கிறது, அந்த விசாரணையின் முடிவைப் புறக்கணித்தால் யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை, நமக்கு அருகிலிருந்து புறப்பட்ட ஒரு மருத்துவரின் பணியை வைத்தே பார்க்கலாம்.

கண்டியிலிருந்து ஹாங்காங் வரை

தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலுக்கு அக்கரையில் இருப்பது இலங்கை. காயல்பட்டினத்தார் தலைமுறை தலைமுறையாக வணிகத்துக்குப் போய்வந்த நாடு. அங்கே கண்டியில் 1949ஆம் ஆண்டு பிறந்தவர் டாக்டர் மாலிக் பீரிஸ். பேராதனையில் மருத்துவம் படித்தார். ஆக்ஸ்ஃபோர்டில் வைரஸ் ஆய்வில் முனைவர் பட்டம் பெற்றார். நாடு திரும்பிப் பேராதனையில் பணியாற்றினார். 1995 முதல் ஹாங்காங்கில் பணியாற்றத் தொடங்கினார். அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நம் சமுதாயத்துக்கு ஒரு சோதனை வந்தபோது அவர் சொன்ன சொல் முக்கியமானதாக இருந்தது. அதைப் பின்னர் பார்ப்போம்.

2003ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சீனாவின் தென்பகுதியிலிருந்து ஒரு புதுவகை நிமோனியா ஹாங்காங்குக்குப் பரவியது. மருத்துவர்களும் செவிலியர்களுமே நோயில் விழுந்தார்கள். தெரிந்த கிருமிகளுக்கான எல்லாப் பரிசோதனைகளும் செய்யப்பட்டன. எதிலும் தெளிவான விடை இல்லை. முதலில் பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று பீரிஸின் குழு சந்தேகப்பட்டது. அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 1997இல் ஹாங்காங்கில் பறவைக் காய்ச்சல் 18 பேரைப் பாதித்து 6 பேரைக் கொன்றிருந்தது. ஆனால் பரிசோதனை "இல்லை" என்றது. குழு தன் சந்தேகத்தைக் கைவிட்டது. வழக்கமாக மூச்சுநோய் வைரஸ்களைத் தேடப் பயன்படுத்தாத குரங்கின் சிறுநீரகச் செல்களிலும் நோயாளிகளின் மாதிரியைச் சேர்த்துப் பார்த்தது. அந்தச் செல்களில் ஒரு வைரஸ் வளர்ந்தது.

வைரஸ் கிடைத்துவிட்டதே என்று அவர்கள் அறிவித்துவிட்டு நிற்கவில்லை. ஒரு நோயாளியின் உடலில் ஒரு கிருமி இருப்பதாலேயே அதுதான் நோய்க்குக் காரணம் என்று ஆகிவிடாது. வழியில் போனவரைக் கள்வன் என்று பிடித்த கதையாகிவிடும். எனவே இரண்டு கேள்விகளைக் கேட்டார்கள். நோயுற்ற மற்றவர்களிடமும் இது இருக்கிறதா? இந்த நோய் இல்லாதவர்களிடம் இது இல்லாமல் இருக்கிறதா? 50 நோயாளிகளில் 45 பேரிடம் இந்த வைரஸ் தொற்றியதற்கான சான்று கிடைத்தது. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்துக்கொண்ட மற்றவர்கள் ஒருவரிடமும் இல்லை. நோய் தொடங்கியபோது எடுத்த இரத்தத்தையும் தேறி வரும்போது எடுத்த இரத்தத்தையும் ஒப்பிட்டு, எதிர்ப்பொருள் கூடியிருப்பதையும் கண்டார்கள். இந்த முடிவுகள் 2003 ஏப்ரலில் லான்செட் இதழில் வெளிவந்தன. அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த ஆய்வுக்கூடங்களும் ஏறத்தாழ அதே நாட்களில் அதே விடைக்கு வந்தன. அதுதான் சார்ஸ் கொரோனா வைரஸ்.

பெயர் தெரிந்ததும் பரிசோதனை உருவானது. பரிசோதனை உருவானதும் யாரைத் தனிமைப்படுத்த வேண்டும், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று தெரிந்தது. தடுப்பூசி இல்லாமலேயே 2003 ஜூலையில் அந்த நோய் கட்டுக்குள் வந்தது. உலகெங்கும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு 774 பேர் இறந்தார்கள். விசாரணை தாமதமாகியிருந்தால் இந்த எண்ணிக்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று 2020இல் நாம் பார்த்தோம்.

ஜித்தாவில் ஒரு மருத்துவர்

இதே பொறுமையை நாம் நன்கறிந்த ஊரிலும் காண்கிறோம். 2012 ஜூன் மாதம் ஜித்தாவில் ஒரு மருத்துவமனையில் 60 வயது சவூதி நாட்டவர் ஒருவர் கடுமையான நிமோனியாவுடன் சேர்க்கப்பட்டு இறந்தார். அங்கே வைரஸ் ஆய்வாளராக இருந்த எகிப்து நாட்டு டாக்டர் அலி முஹம்மது ஸக்கி, தெரிந்த கிருமிகளுக்கெல்லாம் பரிசோதித்தும் விடை கிடைக்காததால் கோப்பை மூடிவிடவில்லை. தேடலைத் தொடர்ந்து அது ஒரு கொரோனா வைரஸ் என்று கண்டார். மாதிரியை நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அது புதிய வைரஸ் என்று உறுதியானதும் செப்டம்பரில் உலக மருத்துவர்களுக்கு அறிவித்தார். அந்த அறிவிப்பு இருந்ததால்தான் லண்டனில் சிகிச்சை பெற்ற, கத்தாரிலிருந்து வந்த இன்னொரு நோயாளிக்கும் அதே நோய் என்று உடனே கண்டுகொள்ள முடிந்தது. அதுவே மெர்ஸ். ஸக்கி பின்னர் அந்த வேலையை இழந்து எகிப்துக்குத் திரும்ப நேர்ந்தது. உண்மையைச் சொல்வதற்கு ஆய்வுக்கூடத்திலும் ஒரு விலை இருக்கிறது.

அடுத்த ஆண்டில் எகிப்தின் ஒட்டகங்களின் இரத்தத்தைப் பரிசோதித்து, இந்த வைரஸுக்கான எதிர்ப்பொருள் அவற்றில் பரவலாக இருப்பதைக் கண்ட ஆய்வில் பீரிஸின் குழுவுக்குப் பங்கு உண்டு. ஹஜ், உம்ரா செல்வோர் ஒட்டகங்களை நெருங்க வேண்டாம், காய்ச்சாத ஒட்டகப்பாலைப் பருக வேண்டாம் என்று இன்று நம் ஹாஜிகளுக்குச் சொல்லப்படும் அறிவுரைக்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகள் இருக்கின்றன.

கபரை மறுத்த காலம்

இப்போது 2020க்கு வருவோம். கோவிட் நோயில் இறந்தவர்களை அடக்கம் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டியிருந்தது. ஆனால் இலங்கை அரசு 2020 ஏப்ரலில் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. புதைத்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். வாப்பாவை, உம்மாவைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டுத் தொழுவித்து மண்ணுக்குள் வைக்கும் கடைசிக் கடமையைக்கூட முஸ்லிம் குடும்பங்கள் செய்ய முடியாமல் போனது. கிறிஸ்தவக் குடும்பங்களும் இதில் பாதிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையின் உடலும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. மக்கள் கொழும்பு பொரளை மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணிகளைக் கட்டித் தங்கள் துயரத்தைக் காட்டினார்கள்.

அப்போதுதான் டாக்டர் மாலிக் பீரிஸ் பேசினார். கோவிட் தண்ணீர் வழியாகப் பரவும் நோய் அல்ல, வைரஸ் உயிருள்ள உடலில் மட்டுமே பெருகும், இறந்த உடல்களிலிருந்து பரவுவதற்குத் தாம் எந்தச் சான்றையும் காணவில்லை என்ற கருத்தை அவர் ஊடகத்திடம் தெரிவித்தார். சார்ஸ் வைரஸைக் கண்டறிந்தவர்களில் ஒருவர், அந்நாட்டின் சொந்த மைந்தர், சொன்ன சொல் அது. இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. இருந்தும் 2021 பிப்ரவரி இறுதியில்தான் தடை விலகியது. மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோர முடிவெடுத்தது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பத்தாருக்கு அது எந்த அளவு ஆறுதல் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

அங்கே அறிவியலுக்கும் மார்க்கத்துக்கும் மோதல் நடக்கவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். அறிவியல் கபரின் பக்கம் நின்றது. அறிவியலின் பெயரைச் சொல்லிக்கொண்ட அச்சமும் அரசியலும்தான் எதிரில் நின்றன. ஆய்வுக்கூடத்தின் சான்றைக் கையில் எடுத்து வாதாடத் தெரிந்த சமுதாயம் தன் உரிமையையும் காத்துக்கொள்ளும் என்பது இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம்.

நம் தமிழ்நாடும் இதில் தப்பவில்லை. 2020 ஏப்ரலில் கோவிட்டால் இறந்த சென்னை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து தடுத்தது. அதே நாட்களில் டெல்லி தப்லீக் மாநாட்டின் பெயரைச் சொல்லி ஒரு சமுதாயத்தையே நோய்க்குக் காரணமாக்கும் பேச்சு நாடெங்கும் நடந்தது. மேலப்பாளையம் அடைக்கப்பட்டபோது அங்குள்ள குடும்பங்கள் அனுபவித்ததை நாம் அறிவோம். அந்த ஆண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் மீதான வழக்குகளை ரத்து செய்து, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டதாகக் கருத்துத் தெரிவித்தது. அதே காலத்தில் தமுமுக உள்ளிட்ட அமைப்புகளின் தொண்டர்கள் எல்லா மதத்தவரின் உடல்களையும் கண்ணியமாக அடக்கம் செய்தார்கள். பழிச்சொல்லுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

ஆனால் நம் பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். "டெஸ்ட் எடுத்தால் கொண்டுபோய்விடுவார்கள்" என்று காய்ச்சலை மறைத்தவர்கள் நம்மிலும் இருந்தார்கள். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது வாட்ஸ்அப்பில் வந்த வதந்தியை நம்பிப் பிள்ளைகளுக்குப் போடவிடாமல் தடுத்தவர்களும் இருந்தார்கள். பிறர் நம்மைப் பற்றித் தீர விசாரிக்கவில்லை என்று வருந்தும் நாம், நம் பிள்ளைகளின் நோய் விஷயத்தில் அதே தவறைச் செய்வது நியாயமா?

கடையநல்லூர் சொல்லித் தந்தது

2012ஆம் ஆண்டு டெங்கு அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தை, குறிப்பாகக் கடையநல்லூரை, உலுக்கியது. பிள்ளைகளையும் இளைஞர்களையும் இழந்த வீடுகள் அங்கே இன்றும் இருக்கின்றன. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் அரசுக் கணக்கின்படி 12,826 பேருக்கு டெங்கு உறுதியானது, 66 பேர் இறந்தார்கள். உறுதி செய்யப்படாமல் "மர்மக் காய்ச்சல்" என்ற பெயரில் போனவை இந்தக் கணக்கில் வராது. "மர்மக் காய்ச்சல்" என்று எந்த நோயும் இல்லை. விசாரிக்கப்படாத காய்ச்சலுக்கு நாம் வைத்த பெயர் அது.

டெங்குவை விசாரிப்பதில் நாள் கணக்கு முக்கியம். காய்ச்சல் தொடங்கி முதல் ஐந்து நாட்களுக்குள் என்றால் என்எஸ்1 பரிசோதனை. அது வைரஸின் ஒரு புரதத்தையே தேடுகிறது. ஐந்து நாட்களுக்குப் பிறகு என்றால் ஐஜிஎம் பரிசோதனை. அது வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. இரண்டாம் நாளில் ஐஜிஎம் மட்டும் எடுத்துவிட்டு "டெங்கு இல்லை" என்று நிம்மதி அடைவது பெரிய தவறு. உடல் இன்னும் எதிர்ப்பொருளை உண்டாக்கியே இருக்காது. எனவே எத்தனையாவது நாள் காய்ச்சல் என்பதை மருத்துவரிடம் சரியாகச் சொல்ல வேண்டும். சில நிமிடங்களில் கோடு காட்டும் கார்டு டெஸ்ட் ஒரு குறிப்புதான். தேசியத் திட்டம் உறுதியான முடிவாக ஏற்பது எலைசா முறைப் பரிசோதனையையே.

இன்னொரு விஷயத்தில் பீரிஸின் பழைய ஆய்வு நமக்கு உதவுகிறது. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்து குணமானவருக்குப் பின்னர் வேறு வகை வந்தால், சிலருக்கு அது முதல் முறையைவிடக் கடுமையாகிறது. பழைய நோயின் எதிர்ப்பொருள் புதிய வைரஸை அழிக்காமல், நோய் எதிர்ப்புச் செல்களுக்குள் நுழைய அதற்கு வழி செய்துவிடக்கூடும். டெங்கு சேர்ந்த வைரஸ் குடும்பத்தில் இது நடக்கும் விதத்தை ஆராய்ந்தவர்களில் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த இளம் பீரிஸும் ஒருவர். நமக்கு இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. பரிசோதனை அறிக்கையைத் தூக்கி எறியக் கூடாது. "மூன்று வருடத்துக்கு முன் இவனுக்கு டெங்கு வந்தது" என்று ஒரு உம்மா காட்டும் பழைய காகிதம் மருத்துவரை எச்சரிக்கையாக இருக்க வைக்கும்.

காய்ச்சல் இறங்கியதும் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பதும் டெங்குவில் பலரை ஏமாற்றியிருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை, சூடு தணியும் நேரத்தில்தான் சிலருக்கு நிலைமை மோசமாகும். கடுமையான வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறு அல்லது மூக்கில் இரத்தம், பிள்ளை சோர்ந்து போதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகளை நாமாக எடுக்கக் கூடாது, அவை இரத்தக்கசிவைக் கூட்டும். நிலவேம்புக் குடிநீரோ பப்பாளி இலைச் சாறோ குடிப்பவர்கள், அதை நம்பிப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஜமாஅத்துகள் என்ன செய்யலாம்?

2020 மார்ச்சில் தமிழகத்தில் கோவிட் பரிசோதனை செய்த அரசு ஆய்வுக்கூடங்கள் மிகச் சிலவே. கிண்டி கிங் நிறுவனம், தேனி, திருவாரூர் ஆகியவற்றுடன் திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியும் அதில் இருந்தது. அங்கே ஏற்கனவே வைரஸ் ஆய்வுக்கூடம் இருந்ததால்தான் அது முடிந்தது. ஆய்வுக்கூடம் என்பது நோய் வந்தபின் கட்டுவதல்ல. ஆற்றுக்குக் கரை போல, வெள்ளத்துக்கு முன்பே இருக்க வேண்டியது. நாம் சாலை கேட்டு மனு கொடுக்கிறோம், குடிநீர் கேட்டு மனு கொடுக்கிறோம். நம் தாலுகா மருத்துவமனையிலிருந்து மாதிரிகள் எங்கே போகின்றன, முடிவு எத்தனை நாளில் வருகிறது, மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் பரிசோதனை உண்டா என்றும் ஜமாஅத் நிர்வாகிகள் சுகாதாரத் துறையிடம் கேட்க வேண்டும்.

பள்ளிவாசலில் செய்ய வேண்டியதும் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுகிறது. ஹவுளில் மீன் விடுவதும், மொட்டை மாடித் தொட்டியை மூடுவதும், மையவாடியில் கிடக்கும் பழைய குடம், சிரட்டை, டயரை அகற்றுவதும் ஒருநாள் வேலை. ஜும்ஆவுக்குப் பிந்தைய அறிவிப்பில் இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்கலாம். வீடுகளில் வாரம் ஒருமுறை அண்டாவையும் பிரிட்ஜின் பின்னுள்ள தட்டையும் தேய்த்துக் கழுவலாம். அறிவியல் பாடத்தில் ஆர்வமுள்ள நம் பெண் பிள்ளைகளையும் ஆண் பிள்ளைகளையும் டாக்டர், இன்ஜினியர் என்பதோடு நிறுத்திவிடாமல் நுண்ணுயிரியல், ஆய்வுக்கூடத் தொழில்நுட்பம் பக்கமும் அனுப்பலாம். அடுத்த வைரஸ் வரும்போது அதன் பெயரைக் கண்டு சொல்பவர் தாமிரபரணிக் கரையிலிருந்தும் வரட்டுமே.

நோய்க்கு மருந்து தேடுவதை நபி (ஸல்) அவர்கள் ஊக்குவித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் போகவும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்று வழிகாட்டினார்கள். மருந்தைத் தேடவும், விலகியிருக்கவும், முதலில் நோய் என்ன என்று தெரிய வேண்டும். இந்த மழையில் நம் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், என்ன மாத்திரை என்று கேட்கும் முன் என்ன நோய் என்று கேட்போம். எத்தனையாவது நாள் என்று குறித்து வைப்போம். வந்த முடிவை மறைக்காமல் சொல்வோம். நோய் வந்தவர் யாராக இருந்தாலும் அவர் மீது பழி போடாமல் நடந்துகொள்வோம்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தைத் தந்தருள்வானாக. நோயால் வஃபாத்தானவர்களின் பிழைகளைப் பொறுத்து அவர்களுக்கு உயர்ந்த சுவனத்தை அளிப்பானாக. ஆமீன்.